தையல் இயந்திரமும் ஆக்கவுரிமைப் போரும்

அரசர்கள் மண்ணுக்காகப் போரிட்டதை வரலாறு விரித்துரைக்கின்றது. வணிகர்கள் கடல்வழிகளுக்காகப் போரிட்டதையும் அது மறப்பதில்லை. ஆனால், ஊசியின் காது எந்த முனையில் இருத்தல் வேண்டும் என்பதையொட்டி மூண்ட ஒரு பெரும் போரைப் பாடநூல்கள் பெரும்பாலும் குறிப்பதில்லை. நீதிமன்றங்களே அப்போரின் களங்கள். சட்டத்தரணிகளே அதன் படைத்தலைவர்கள். முத்திரையிட்ட பத்திரங்களே அதன் படைக்கலங்கள். 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்த அந்தப் போருக்குத் 'தையல் இயந்திரப் போர்' என்று பெயர்.

வீட்டுப் பாவனைக்குரிய கருவிகளைச் செய்யும் கம்பனிகள் ஒன்றன்மேலொன்று வழக்குத் தொடுப்பது இக்காலத்தில் வியப்புக்குரிய செய்தியன்று. கைத்தொலைபேசியின் வடிவம் யாருக்குரியது என்று அப்பிள் கம்பனியும் சாம்சுங் கம்பனியும் 2011 ஆம் ஆண்டு தொடக்கம் 2018 ஆம் ஆண்டு வரை வழக்காடின. இத்தகைய வழக்குகளுக்கெல்லாம் மூத்த வழக்கு எதுவென்று தேடிச் செல்வோர், தையல் இயந்திரத்தின் முன்னேதான் வந்து நிற்பர். கருவி மாறியிருக்கின்றது, வழக்கின் உட்பொருள் பெரிதும் மாறவில்லை.

வழக்கின் கதையைக் கூறுமுன், ஆக்கவுரிமை என்பது யாதென அறிதல் நன்று. 'பேட்டண்ட்' என வழங்கும் இவ்வுரிமை, புதியதொன்றைப் புனைந்தவருக்கும் பொதுமக்களுக்கும் இடையே அரசு செய்துவைக்கும் ஓர் உடன்படிக்கை எனலாம். புனைந்தவர் தம் கருவியின் அமைப்பை ஒளிவுமறைவின்றி எழுதியும் வரைந்தும் வெளிப்படுத்தல் வேண்டும். அதற்குக் கைம்மாறாக, குறித்த சில ஆண்டுகளுக்கு அக்கருவியைச் செய்யவும் விற்கவும் அவருக்கே தனியுரிமை வழங்கப்படும். காலம் முடிந்தபின் அது யாவருக்கும் பொதுவாகிவிடும். அமெரிக்காவின் முதலாவது ஆக்கவுரிமைச் சட்டம் 1790 ஆம் ஆண்டிலே இயற்றப்பட்டது. விண்ணப்பங்களைத் தேர்ந்தாராய்ந்து உரிமை வழங்கும் முறையை 1836 ஆம் ஆண்டுச் சட்டம் நிலைநாட்டியது. அச்சட்டத்தின்படி உரிமை 14 ஆண்டுகளுக்குச் செல்லும். தக்க காரணம் காட்டின் மேலும் 7 ஆண்டுகளுக்கு நீடிக்கப்படும்.

இவ்வேற்பாடு நேர்மையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும், இதனுள்ளே இரண்டு வினாக்கள் பொதிந்து கிடக்கின்றன. ஒரு கருவியை முதலிற் புனைந்தவர் யார் என்பது ஒன்று. அதனை உலகுக்கு அளித்தவர் யார் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஒருவரே விடையாக அமைந்தால் வழக்கில்லை. தையல் இயந்திரத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வெவ்வேறு விடைகள் கிடைத்தன. அதுவே போருக்கு வித்தாயிற்று.

கையால் தைப்பது எவ்வளவு நேரத்தை விழுங்கும் வேலை என்பதை இன்று பலர் உணரமாட்டார். ஆடவர் அணியும் சட்டை ஒன்றைக் கையால் தைப்பதற்கு 14 மணி 26 நிமிடம் பிடிக்கும் என்றும், இயந்திரத்தால் 1 மணி 16 நிமிடத்தில் முடிக்கலாம் என்றும் இயந்திரம் விற்ற கம்பனி ஒன்று பின்னாளிற் கணக்கிட்டுக் காட்டியது. விற்பவர் கணக்கிற் சிறிது மிகை இருக்கலாம் எனக் கழித்துவிட்டாலும், எஞ்சும் வேறுபாடு பெரிதே. இலண்டனிலும் நியூயோர்க்கிலும் ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்கள் இரவு பகலாக ஊசி பிடித்துக் கண்ணொளி இழந்தனர். அவர்களது துயரை 1843 ஆம் ஆண்டில் ஆங்கிலக் கவிஞர் தோமஸ் ஹூட் பாடிய 'சட்டையின் பாட்டு' உலகறியச் செய்தது.

இந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்க முயன்றோர் பலர். 1790 ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த தோமஸ் செயின்ட் என்பவர் தோல் தைக்கும் இயந்திரம் ஒன்றுக்கு உரிமை பெற்றார். ஆனால் அது பாதணி செய்யும் முறைகள் பற்றிய விவரங்களுக்கிடையே புதையுண்டு கிடந்து, 1870 களிலேதான் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. பிரான்சு நாட்டுத் தையற்காரர் பார்த்தெலெமி திமோனியே 1830 ஆம் ஆண்டில் உரிமை பெற்ற இயந்திரமோ உண்மையிலேயே தொழிற்பட்டது. படைவீரருக்கான சீருடைகளை அதில் தைத்தனர். தம் பிழைப்புப் போய்விடுமென அஞ்சிய தையற்காரர் கூட்டமாகத் திரண்டு அவருடைய இயந்திரங்களை உடைத்தெறிந்தனர். திமோனியே 1857 ஆம் ஆண்டில் வறியவராகவே மாண்டார்.

இவர்கள் அமைத்த இயந்திரங்கள் ஒற்றை நூலாற் சங்கிலித் தையல் இட்டன. அத்தையலின் ஒரு முனை அவிழ்ந்தால் முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும். உறுதியான தையலுக்கு வேறு வழி வேண்டியிருந்தது. கையால் தைக்கும்போது ஊசி துணியை முழுமையாக ஊடுருவி மறுபுறம் சென்று மீள்கின்றது. அதன் காது மழுங்கிய முனையில் இருக்கின்றது. இயந்திரத்துக்கு இம்முறை பொருந்தாது. காதைக் கூரிய முனைக்கே கொண்டுவந்துவிட்டால், ஊசி சிறிதளவு துணிக்குள் நுழைந்து, நூலை ஒரு வளையமாக மறுபுறம் விட்டு மீண்டுவிடலாம். அவ்வளையத்தினூடே, நெசவுத் தறியில் ஓடும் ஓடம் போன்ற சிறு கருவி ஒன்று இரண்டாவது நூலைக் கொண்டுசென்றால், இரு நூல்களும் துணியின் நடுவிலே ஒன்றையொன்று பற்றிப் பூட்டிக்கொள்ளும். இதுவே பூட்டுத் தையல். இன்றும் வீடுகளிலுள்ள தையல் இயந்திரங்கள் இந்த அடிப்படையிலேயே இயங்குகின்றன.

இவ்வரிய வழியை அமெரிக்காவில் முதலிற் கண்டவர் நியூயோர்க் நகரத்து வோல்டர் ஹண்ட். அவர் ஓயாது புதியன புனைந்துகொண்டிருந்த கைத்தேர்ச்சியாளர். புனைந்தவற்றைப் பொருளாக்கும் ஆற்றல் மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை. இன்று எல்லா வீடுகளிலும் காணப்படும் காப்பூசியைப் புனைந்து 1849 ஆம் ஆண்டில் உரிமை பெற்றவரும் அவரே. அவ்வுரிமையை 400 டொலருக்கு விற்றுவிட்டார். 1834 ஆம் ஆண்டளவில், முனையிற் காதுள்ள ஊசியும் ஓடமும் கொண்ட தையல் இயந்திரம் ஒன்றை அவர் அமைத்தார். ஆனால் அதற்கு உரிமை கோரி விண்ணப்பிக்கவில்லை. தம் மகளிடம் அவ்வியந்திரத்தைக் கொண்டு தொழில் நடத்துமாறு கூறியபோது, அது ஏழைத் தையற்பெண்களின் வாயில் மண்ணைப் போடும் எனச் சொல்லி அவள் மறுத்தாள் என்பர். காரணம் எதுவாயினும் ஹண்ட் இயந்திரத்தைக் கைவிட்டார்; அது பரணிலே துருப்பிடித்துக் கிடந்தது.

ஏறத்தாழப் பத்தாண்டுகளின் பின்னர், ஹண்ட் செய்ததைச் சற்றும் அறியாத ஓர் இளைஞர் அதே வழியில் அடிவைத்தார். அவர் பெயர் எலியாஸ் ஹோவ். 1819 ஆம் ஆண்டில் மசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு கமக்காரரின் மகனாகப் பிறந்த அவர், நெசவு இயந்திரப் பட்டறைகளிலே தொழில் பயின்றவர். உடல்நலம் குன்றியவர்; மனைவியும் மூன்று பிள்ளைகளும் உள்ள குடும்பத்துக்கு அவரது கூலி போதவில்லை. பள்ளித் தோழர் ஜோர்ஜ் பிஷர் என்பவர், வரும் பயனிற் பாதி தமக்கு என்னும் ஒப்பந்தத்தின்பேரில், 500 டொலரும் உண்டியும் உறையுளும் கொடுத்து ஹோவை ஆதரித்தார். 1845 ஆம் ஆண்டில் இயந்திரம் நிறைவெய்தியது.

பொஸ்டன் நகரிலுள்ள ஆடைத் தொழிலகம் ஒன்றில் ஹோவ் அதனை மக்களுக்குக் காட்டினார். தேர்ந்த தையற்பெண்கள் ஐவரிடம் ஆளுக்கொரு மடிப்பையும், ஹோவிடம் ஐந்து மடிப்புகளையும் கொடுத்தனர். ஐவரும் தத்தம் மடிப்பை முடிக்குமுன் ஹோவ் தம் ஐந்தையும் தைத்து முடித்தார். கூடியிருந்தோர் வியந்தனர், ஆனால் எவரும் ஓர் இயந்திரமேனும் வாங்கவில்லை. ஒன்றின் விலை ஏறத்தாழ 300 டொலர். அத்தொகையை இடத் துணிந்தவரும் தையற்காரரின் பகையை எண்ணித் தயங்கினர். இந்நிலையிலும் ஹோவ் ஒரு காரியத்தைத் தவறாது செய்தார். தம் இயந்திரத்தின் மாதிரியை ஆக்கவுரிமைக் காரியாலயத்திற் சமர்ப்பித்து, 1846 செப்டெம்பர் 10 ஆம் நாள் 4750 ஆம் இலக்க உரிமையைப் பெற்றார். பின்னாளில் அவரை உலகப் பெருஞ் செல்வருள் ஒருவராக்கியது அந்தத் தாளே.

ஆனால் செல்வம் உடனே வரவில்லை. ஹோவின் தமையன் இயந்திரத்தை இலண்டனுக்குக் கொண்டுசென்று, மகளிர் இடைக்கச்சு செய்யும் வில்லியம் தோமஸ் என்பவருக்கு ஆங்கில உரிமையோடு 250 பவுணுக்கு விற்றார். ஹோவும் குடும்பத்துடன் அங்கு சென்று தோமஸிடம் வேலை பார்த்தார். இருவருக்கும் பிணக்கு மூண்டது. வேலையிழந்த ஹோவ், மனைவி மக்களை முதலிலே தாயகம் அனுப்பினார். பின்னர் தம் இயந்திரத்தையும் உரிமைப் பத்திரத்தையும் ஈடு வைத்துத் தாமும் கப்பலேறினார். 1849 ஆம் ஆண்டில் வெறுங்கையுடன் நியூயோர்க் வந்திறங்கியவரை, மனைவி காசநோயால் மரணப்படுக்கையிற் கிடக்கின்றார் என்னும் செய்தி எதிர்கொண்டது. இரவல் உடையணிந்து மனைவியின் இறுதிச் சடங்கிற் கலந்துகொண்டார் என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

இத்துயரின் நடுவே மற்றொரு செய்தியும் அவர் காதில் விழுந்தது. முன்னர் எவரும் வாங்க முன்வராத தையல் இயந்திரம் இப்போது பலரால் செய்து விற்கப்பட்டது. அவற்றிற் பெரும்பாலானவற்றில் முனையிற் காதுள்ள ஊசியும் ஓடமும் இருந்தன. ஹோவ் உரிமைப் பத்திரத்தை ஈட்டிலிருந்து மீட்டு, பணவசதியுள்ள ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, வழக்குமன்றப் படியேறினார்.

அவருடைய எதிரிகளுள் முதன்மையானவர் ஐசக் மெரிற் சிங்கர். 1811 ஆம் ஆண்டிற் பிறந்த சிங்கர் நாடக நடிகராக ஊரூராகத் திரிந்தவர்; இயந்திர வேலையும் அறிந்தவர். 1850 ஆம் ஆண்டில் பொஸ்டன் பட்டறை ஒன்றிலே, பழுதுபார்க்க வந்த தையல் இயந்திரம் ஒன்றைக் கண்டார். அதன் குறைகள் அவருக்குப் புலப்பட்டன. ஹோவின் இயந்திரத்திலே வளைந்த ஊசி பக்கவாட்டில் அசைந்தது; துணியோ கம்பிகளிற் குத்தப்பட்டு நிமிர்ந்து தொங்கியது; சிறிது தைத்ததும் இயந்திரத்தை நிறுத்தித் துணியை மீண்டும் குத்தவேண்டியிருந்தது. சிங்கர் ஊசியை நேராக்கி மேலுங்கீழுமாக அசையச் செய்தார். துணியைக் கிடையான மேசையிற் பரப்பி, அதனை அழுத்திப் பிடிக்கும் பாதம் ஒன்றையும் அமைத்தார். காலால் மிதித்து இயக்கும் முறையையும் சேர்த்தார். 1851 ஓகஸ்ட் 12 ஆம் நாள் அவருக்கும் உரிமை கிடைத்தது. எட்வேர்ட் கிளார்க் என்னும் கூர்மதி படைத்த சட்டத்தரணி அவருக்குப் பங்காளியானார்.

சிங்கரிடம் ஹோவ் 25,000 டொலர் கோரினார் என்றும், சிங்கர் அவரைப் படியிலிருந்து உதைத்துத் தள்ளுவேன் என மிரட்டினார் என்றும் கூறுவர். இருவருடைய நிலைகளும் உற்று நோக்கத்தக்கவை. ஊசியும் ஓடமும் இன்றேல் சிங்கரின் இயந்திரம் இல்லை. ஆகவே அது தமக்கு உரியது என்றார் ஹோவ். ஹோவின் இயந்திரத்தை வீட்டிலே வைத்து எவராலும் தைக்க முடியாது. தைக்கக்கூடிய இயந்திரத்தை அமைத்தவர் தாமே என்றார் சிங்கர். இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. ஆனால் சட்டம் முன்னவர் பக்கமே சாய்ந்திருந்தது. அதனை முறியடிப்பதற்கு ஒரு வழிதான் உண்டு. ஹோவுக்கும் முந்தியவர் ஒருவரைக் கண்டுபிடித்தல் வேண்டும்.

கிளார்க்கும் சிங்கரும் தேடிப் பிடித்தவரே வோல்டர் ஹண்ட். துருவேறிக் கிடந்த பழைய இயந்திரத்தின் உறுப்புக்களை மீட்டெடுத்து அதனைச் சீராக்கச் செய்தனர். 1853 ஆம் ஆண்டில் ஹண்ட் தம் பழைய ஆக்கத்துக்கு உரிமை கோரி விண்ணப்பித்தார். மறு ஆண்டில் ஆக்கவுரிமை ஆணையாளர் சார்ள்ஸ் மேசன் தீர்ப்பளித்தார். ஹண்ட் முதலில் அமைத்தவர் என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் நீண்ட காலம் வாளாவிருந்து தம் ஆக்கத்தைக் கைவிட்டமையால், உரிமை பெறும் தகுதியை அவர் இழந்துவிட்டார் எனக் கூறி விண்ணப்பத்தை நிராகரித்தார். அதே 1854 ஆம் ஆண்டில் மசச்சூசெட்ஸ் நீதிமன்றத்தில் நீதிபதி ஸ்பிரேக் அவர்களும், தையல் இயந்திரத்தால் மக்கள் பெற்ற நன்மை அனைத்துக்கும் ஹோவுக்கே கடப்பாடுடையர் எனத் தீர்த்தார். முதலிற் கண்டவருக்குப் புகழ். முறைப்படி வெளிப்படுத்தியவருக்குப் பொருள் என்று சட்டம் பிரித்துக் கொடுத்துவிட்டது. சிங்கர் 15,000 டொலர் இழப்பீடு கொடுத்து, இனிமேல் செய்யும் இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் செலுத்தவும் இசைந்தார்.

இத்துடன் போர் முடிந்திருக்கவேண்டும். உண்மையில் அப்போதுதான் அது உச்சத்தை அடைந்தது. ஏனெனில், தையல் இயந்திரம் ஒரு தனிக் கருத்தன்று. பல கருத்துக்களின் கூட்டு. ஊசியும் ஓடமும் ஹோவுக்குரியன. துணியைத் தொடர்ச்சியாக நகர்த்தும் முறை ஒன்று ஜோன் பச்செல்டருக்கு 1849 ஆம் ஆண்டில் உரித்தாயிற்று. அதனைச் சிங்கர் விலைக்கு வாங்கிக்கொண்டார். ஓடத்துக்குப் பதிலாகச் சுழலும் கொக்கியையும், துணியை ஒவ்வொரு தையலுக்கும் பற்றி நகர்த்தும் பற்களையும் அலன் வில்சன் புனைந்தார். அவை வீலர் அன்ட் வில்சன் கம்பனியின் கையில் இருந்தன. குரோவர் அன்ட் பேக்கர் கம்பனி இரட்டைச் சங்கிலித் தையலுக்கு உரிமை பூண்டிருந்தது. நல்ல இயந்திரம் ஒன்றைச் செய்ய விரும்பும் எவரும், செய்யும் ஒவ்வோர் உறுப்பிலும் மற்றொருவரின் வேலியைத் தாண்டவே நேர்ந்தது. ஹோவாலும் மற்றவர் உரிமைகளை மிதிக்காமல் விலைபோகும் இயந்திரம் ஒன்றைச் செய்ய முடியவில்லை. ஆகவே ஒவ்வொரு கம்பனியும் ஏனைய கம்பனிகள்மீது வழக்குத் தொடுத்தது. இயந்திரம் செய்து ஈட்டிய பணம் வழக்குச் செலவிற் கரைந்தது.

1856 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், நியூயோர்க் மாநிலத்தின் தலைநகராகிய அல்பனியில் வழக்காடுவதற்காகப் பகைவர் அனைவரும் ஒரே ஊரிலே கூட நேர்ந்தது. குரோவர் அன்ட் பேக்கர் கம்பனியின் தலைவரான ஓர்லாண்டோ பொட்டர் தாமும் ஒரு சட்டத்தரணி. வழக்குத் தொடருமாயின் வெல்பவரும் அழிவர் என்பதை அவர் எடுத்துரைத்தார். உரிமைகளையெல்லாம் ஒரே தொகுதியாகச் சேர்த்து, எல்லாரும் அவற்றைப் பயன்படுத்துவோம். வெளியார்க்கும் கட்டணத்துக்கு அனுமதி வழங்குவோம். வரும் பணத்தைப் பங்கிட்டுக்கொள்வோம் என்பது அவர் கூறிய யோசனை. மற்றைய கம்பனிகள் இசைந்தன. இயந்திரம் செய்யாமலே நல்ல வருவாய் பெற்றுக்கொண்டிருந்த ஹோவ் தயங்கினார். குறைந்தது 24 உற்பத்தியாளருக்கு அனுமதி வழங்கவேண்டும் என்னும் நிபந்தனையுடன் அவரும் இறுதியிற் கையொப்பமிட்டார்.

அவ்வாறு தோன்றிய 'தையல் இயந்திரக் கூட்டு' அமெரிக்காவின் முதலாவது பெரும் ஆக்கவுரிமைத் தொகுப்பு எனப்படும். அனுமதி பெற்றோர் இயந்திரம் ஒன்றுக்கு 15 டொலர் செலுத்தவேண்டும். அதில் ஹோவுக்கு 5 டொலர் சேரும். பிறநாடுகளுக்கு அனுப்பப்படும் இயந்திரமாயின் 1 டொலர். ஒரு பகுதி, அனுமதியின்றிச் செய்வோர்மீது வழக்குத் தொடுக்க ஒதுக்கப்படும். எஞ்சியது கம்பனிகளுக்கு. 1860 ஆம் ஆண்டில் ஹோவின் உரிமை மேலும் 7 ஆண்டுகளுக்கு நீடிக்கப்பட்டபோது, கட்டணம் 7 டொலராகவும் ஹோவின் பங்கு 1 டொலராகவும் குறைக்கப்பட்டன. ஆனால் சந்தையில் அக்கம்பனிகள் முன்போலவே ஒன்றோடொன்று போட்டியிட்டன. உரிமைகளிலே கூட்டு, விற்பனையிலே போட்டி என்பதே இவ்வேற்பாட்டின் புதுமை.

வழக்குச் சுமை நீங்கிய கைத்தொழில் பெருவெள்ளம் போலப் பெருகியது. 1853 ஆம் ஆண்டிற் சிங்கர் கம்பனி விற்ற இயந்திரங்கள் 810. வீலர் அன்ட் வில்சன் விற்றவை 799. 1876 ஆம் ஆண்டில் சிங்கர் கம்பனி மாத்திரம் 262,316 இயந்திரங்களை விற்றது. இதற்கு மற்றுமொரு காரணமும் உண்டு. 1856 ஆம் ஆண்டிலே கிளார்க் தவணைமுறை விற்பனையைத் தொடக்கிவைத்தார். சிறிதளவு முற்பணம் கொடுத்து இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுசென்று, மீதியை மாதந்தோறும் செலுத்தலாம் என்னும் ஏற்பாடு, நடுத்தரக் குடும்பங்களின் வாயிலைத் திறந்துவிட்டது.

எனினும், நாணயத்துக்கு மறுபக்கம் இருப்பதுபோல இக்கூட்டுக்கும் மறுபக்கம் இருந்தது. அனுமதிக் கட்டணத்தைச் செலுத்தியவர் பெயரளவில் உற்பத்தியாளர். உண்மையில் அதனைச் சுமந்தவர் இயந்திரம் வாங்கிய குடும்பத்தினர். பகைவர் நால்வரும் ஒன்றுபட்டதனால், அவர்களுடைய உரிமை செல்லாதென வழக்காடும் வலிமை சிறிய கம்பனிகளுக்கு இல்லாமற் போயிற்று. தொகுப்பிலிருந்த கடைசி முக்கிய உரிமையான பச்செல்டரின் உரிமை 1877 ஆம் ஆண்டில் முடிவடைந்தது, கூட்டும் கலைந்தது. அதன்பின் இயந்திரத்தின் விலை பெரிதும் வீழ்ந்ததென்பதே, அதற்குமுன் மக்கள் செலுத்திய மிகைக்குச் சான்றாகும். அந்த 1877 ஆம் ஆண்டிலேதான் சிங்கர் கம்பனி இலங்கையிலும் தன் வியாபாரத்தைத் தொடங்கியது. இந்நாட்டு வீடுகளிலே தாயிடமிருந்து மகளுக்குச் சீராகச் சென்ற கால்மிதி இயந்திரத்தின் ஊசியும் பாதமும் பற்களும், ஒரு காலத்தில் நீதிமன்றங்களிலே தனித்தனியே வழக்காடப்பட்டவை.

போரிட்டோரின் முடிவும் அறியத்தக்கது. ஹோவ் தம் உரிமையினால் ஏறத்தாழ 20 இலட்சம் டொலர் ஈட்டினார் என்பர். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அவர் சாதாரண வீரராகப் படையிற் சேர்ந்தார். சம்பளம் வரத் தாமதித்த ஒரு வேளையிலே தம் படைப்பிரிவு முழுவதற்கும் தாமே முற்பணம் கொடுத்தார். உரிமை காலாவதியான சில வாரங்களிலேயே, 1867 ஒக்டோபர் மாதத்தில், தம் 48 ஆம் வயதில் மறைந்தார். சிங்கர் பெருஞ் செல்வராக 1875 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் உயிர்நீத்தார். வோல்டர் ஹண்ட் தொல்லை தராதிருக்கும் பொருட்டு, அவருக்கு 50,000 டொலர் கொடுப்பதற்குச் சிங்கர் கம்பனி 1858 ஆம் ஆண்டில் உடன்பட்டது. பணம் கைக்கு வருமுன் 1859 ஆம் ஆண்டில் அவர் காலமானார். தையற்பெண்களின் நிலையோ இருவகைப்பட்டது. வீட்டிலே இயந்திரம் வைத்திருந்த மாதருக்கு ஓய்வு கிடைத்தது. கூலிக்குத் தைத்தோருக்கு வேலை விரைந்ததேயன்றிச் சுமை குறையவில்லை. தொழிற்சாலைகளில் அவர்கள் முன்னிலும் மிகுதியான உடைகளைத் தைக்கவேண்டியவராயினர். ஹண்டின் மகள் கூறியதாகச் சொல்லப்படும் அச்சம் முழுவதும் வீணானதன்று.

அல்பனியிற் கண்ட வழியைப் பிற்காலத்தவரும் நாடினர். ஆகாய விமானத்தின் உரிமை குறித்து ரைட் கம்பனிக்கும் கேர்ட்டிஸ் கம்பனிக்குமிடையே நீடித்த பிணக்கு, 1917 ஆம் ஆண்டில், முதலாவது உலகப் போரின் நெருக்கடியிலே, அரசின் தூண்டுதலால் உரிமைத் தொகுப்பாக முடிந்தது. அவ்வாறு ஒன்றுபட மறுத்தவர்களின் கதையும் உண்டு. எடுத்த உடனேயே படத்தைத் தரும் புகைப்படக் கருவி தொடர்பாகப் போலரொயிட் கம்பனி, கொடக் கம்பனிமீது 1976 ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தது. பத்தாண்டு கழித்துத் தோல்வியுற்ற கொடக், அக்கருவிகளையும் அவற்றுக்கான படச்சுருள்களையும் விற்பதை 1986 ஆம் ஆண்டில் நிறுத்தவேண்டியதாயிற்று. 1991 ஆம் ஆண்டில் 92.5 கோடி டொலரும் செலுத்தியது. அக்கருவியை நம்பி வாங்கியிருந்த ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு, படச்சுருள் கிடையாத வெறும் பெட்டியே கையில் எஞ்சியது. அவ்வழக்கில் அவர்கள் தரப்பினர் அல்லர், ஆயினும் தண்டனையில் ஒரு பங்கு அவர்களையும் சேர்ந்தது.

அப்பிள், சாம்சுங் வழக்கிலும் இதே நெறிமுறைகளைக் காணலாம். வளைந்த மூலைகளையுடைய செவ்வக வடிவமும், திரையை விரலால் தொட்டு இயக்கும் முறைகளும் அங்கே வழக்குப் பொருளாயின. 2012 ஆம் ஆண்டில் யூரிமார் 100 கோடி டொலருக்கு மேற்பட்ட இழப்பீடு விதித்தனர். மேன்முறையீடுகள் அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்றன. 2018 ஆம் ஆண்டில் இரு கம்பனிகளும் வெளியிடப்படாத நிபந்தனைகளின்பேரில் இணங்கிப்போயின. வழக்காடிய காலத்திலும் அப்பிள் கருவிகளுக்கு வேண்டிய உறுப்புக்களைச் சாம்சுங் செய்து கொடுத்துக்கொண்டே இருந்தது என்பது நினைவுகூரத்தக்கது. நீதிமன்றத்திற் பகைவர், பட்டறையிற் பங்காளிகள்!

இவ்வரலாறு உணர்த்துவது யாது? ஆக்கவுரிமை இல்லையெனில் ஹோவைப் போன்ற ஏழைக்கு நீதி கிடைத்திராது. பெரும் பணம் படைத்தவர் அவரது உழைப்பை விலையின்றி எடுத்துக்கொண்டிருப்பர். அதே உரிமை அளவிறந்து பெருகும்போது, ஒருவர் வேலி மற்றவர் வழியை மறித்து, எவராலும் நடக்க முடியாதவாறு செய்துவிடுகின்றது. தையல் இயந்திரத்தைப் புனைந்தவர் ஹண்ட் என்பதும் முழு உண்மையன்று. ஹோவ் என்பதும் முழு உண்மையன்று. சிங்கர் என்பதும் அவ்வாறே. அது பல கைகளின் வேலை. கூட்டாக உருவான ஒன்றைத் தனித்தனியே உரிமை கொண்டாட முற்பட்டதனால் அவர்களுக்கு வழக்கு மிஞ்சியது. கூட்டாகவே பயன்படுத்த இசைந்தபோது தொழில் வளர்ந்தது.

அல்பனியிற் கூடியோர் ஒருவரையொருவர் மறவாது பங்கிட்டுக்கொண்டனர். அப்பங்கீட்டில் வாங்குவோருக்கும், கூலிக்குத் தைப்போருக்கும் இடம் இருக்கவில்லை. புதிய கருவி ஒன்று தோன்றி அதனைச் சூழ வழக்குகள் எழும்போதெல்லாம், வென்றவர் யார் என்று கேட்பதோடு நின்றுவிடாது, விலையைச் செலுத்தியவர் யார் என்றும் கேட்டல் வேண்டும்.